டேட்டு அக்கா

பத்தாம் வகுப்போடு நின்றவள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். அதனால் எழுதத் துணிந்ததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியதற்கு மட்டும். செய்ததற்கு அல்ல.

ஒரகடத்தில் உதிரிப்பாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் பேக்கிங்கில் இருக்கிறேன். பெட்டியை மூடி அதன் மேல் தேதி ஸ்டாம்பு குத்துவது என் வேலை. காலையில் வந்ததும் ஸ்டாம்பின் ரப்பர் பட்டையை உருட்டி அன்றைய தேதிக்கு வைக்க வேண்டும். ஒருமுறை தப்பான தேதி விழுந்து சரக்கு திரும்பி வந்துவிட்டது. அதிலிருந்து சூப்பர்வைசர் வாயால் தேதியைச் சொன்ன பிறகுதான் பட்டையை உருட்டலாம். எங்கள் கைப்பேசியெல்லாம் வாசலிலேயே லாக்கருக்குள் போய்விடும். ஆகவே தினமும் அவரிடம் போய் நிற்க வேண்டும். பழைய சூப்பர்வைசர் இருந்தவரை இதில் ஒன்றுமில்லை. "இன்னா தேதி சார்?" என்பேன். சொல்வார்.

புதிதாக வந்தவர் தாம்பரம் பக்கத்துப் பிள்ளை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், அதுவரை லைனில் எல்லோரும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

தேதிக்கு இங்கிலீஷில் டேட் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பெண்களுக்குள் டேட் என்றால் வேறு. "எனக்கு டேட்டு, கோயிலுக்கு வரல" என்போம். மாதாமாதம் வருவதற்கு எங்களிடம் அதுதான் பெயர். ஓர் ஆண்பிள்ளை முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தமிழில் நாள் என்று கேட்டாலும் தேதி என்று புரிந்துகொள்கிறார்களே என்று நினைத்து, "சார், வாட் டே டுடே?" என்றேன்.

"தர்ஸ்டே" என்றார்.

நான் நகரவில்லை. "வாட் டே, சார்?"

"தர்ஸ்டே." என் கையிலிருந்த ஸ்டாம்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மறுபடியும் கேட்டேன். "அக்கா, டேன்னா கெழமை. தேதி வேணும்னா டேட்டுன்னு கேக்கணும். வாட் இஸ் த டேட் டுடே. எங்க, சொல்லுங்க!"

லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அக்கா தங்கைகளோடு பிறந்தவர்தானே. குரலை உயர்த்தினார். "இன்னாக்கா வெக்கம்? நான் சொல்றது கம்பெனி டேட்டு. உங்க டேட்டு இல்ல!"

கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அது தாறுமாறாக வந்து, நிற்கப்போகிற வயது. அன்று எப்படி வேலை முடித்து வீடு வந்தேன் என்று நினைவில்லை. அன்றிலிருந்து நான் டேட்டு அக்கா. கேன்டீனில், கம்பெனி பஸ்ஸில், என் மகள் வயதுப் பெண்கள் வாயில்கூட அதுதான் என் பெயர்.

அந்தப் பெயரைத் தொலைக்க வேண்டும் என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே பழகினேன். 'வாட் டே இஸ் இட் டுடே' என்றால் கிழமை. 'வாட் இஸ் த டேட் டுடே' என்றால் தேதி. ஒரு நாள் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் அவரிடம் கேட்டேன்.

"அடேங்கப்பா! டேட்டு அக்காவே டேட்டுன்னு சொல்லிடுச்சு!" என்று கைதட்டினார்.

ஒழுங்காகக் கேட்டாலும் பெயர் போகாது என்று அன்றுதான் தெரிந்தது. நான் நின்ற மாதிரி இவரும் ஒரு நாள் நாலு பேர் எதிரில் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு பெட்டியில் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தும்போதெல்லாம் அது அவர் நெற்றியில் விழுவதாகவே எனக்கு இருந்தது.

வாய்ப்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். டீ நேரத்தில் பக்கத்தில் வந்து, "அக்கா, உங்க ஊர்ல தீமிதியாமே, என்னா நாளு?" என்றார். தமிழில், மெதுவாக. எங்கள் தெருப் பெண் ஒருத்தி இதே கம்பெனி ஆபீஸில் இருக்கிறாள். அவளை இவருக்குப் பிடித்துவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக அம்மாவைக் கூட்டி வந்து காட்டிவிடலாம், அம்மாவுக்குப் பிடித்தால் பிறகு முறைப்படி கேட்கலாம் என்று திட்டம்.

"யாராண்டயும் சொல்லிடாதீங்க. எங்கம்மா ஒரு மாதிரி. மொத தடவ பாக்கறது நல்லபடியா நடக்கணும்" என்றார்.

"ஞாயித்துக்கெழமை சார்" என்றேன்.

எந்த ஞாயிறு என்று அவர் கேட்கவில்லை; வருகிற ஞாயிறு என்றே எடுத்துக்கொண்டார். தீமிதி அதற்கடுத்த ஞாயிறு. வருகிற ஞாயிறு ஊரில் காப்பு மட்டும் கட்டியிருப்பார்கள். காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டோம்.

"தேங்க்ஸ் டேட்டு அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தப் பெயரை விட்டிருந்தால் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் விடவில்லை. நானும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருவில் கார் வந்து நின்றது. பட்டுச் சட்டையில் அவர். பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக அவர் அம்மா. தெருவில் நாய்களைத் தவிர யாருமில்லை. கார் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்தார்.

"யாரு நீங்க? யாரு வூட்டுக்கு வந்துகீறீங்க?"

"தீமிதி பாக்க..." என்று இழுத்தார் சூப்பர்வைசர்.

"அது அடுத்த ஞாயிறாச்சே."

அம்மாவுக்குச் சூது தெரியவில்லை. "அப்படியே பொண்ணையும் ஒரு தடவ பாத்துடலாம்னு..." என்று சிரித்தபடி, மகன் காரிலேயே காட்டியிருந்த பெண் வீட்டைக் கைகாட்டிவிட்டார்.

"காப்புக் கட்டிகீற ஊருக்குப் பொண்ணு பாக்கவா வந்துகீறீங்க? நல்ல ஆளுங்கதான்!" என்றார் பெண்ணின் அப்பா. தெருவில் சிரிப்பு கிளம்பியது.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். "அக்கா, ஞாயித்துக்கெழமன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தெருவே என்னைப் பார்த்தது. என்னவோ, அன்று எனக்குக் கூசவேயில்லை. "நாளு கேட்டீங்க சார், கெழமை சொன்னேன். தேதி வேணும்னா டேட்டுன்னு கேக்கணும். எங்க, சொல்லுங்க."

"இன்னாடா சொல்லுது இந்தம்மா?" என்றார் அவர் அம்மா. சூப்பர்வைசர் காது மடல் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். எங்கள் தெருவில் காரைத் திருப்ப இடமில்லை. தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். கடைசிவரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே தேதியைச் சொன்னார். பட்டையை உருட்டினேன்.