சத்தம் வராத வாசிப்பு

என் பெண் மூன்றாவது படிக்கும்போது, அப்பாவை வரச் சொல் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். யாராவது வரச் சொன்னால் எனக்குப் பயம்தான். மைன்ஸில் ஃபோர்மேன் கூப்பிட்டாலும் அப்படித்தான். நல்லதுக்கு யாரும் கூப்பிட்டதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போனதால் எனக்கு வேலை கிடைத்து, நெய்வேலியில் குவார்ட்டர்ஸும் கிடைத்திருந்தது. கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை வாரித் திரும்பப் பெல்ட்டில் போடுவது என் வேலை. நான் மூன்றாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்த வேலைக்கு அது போதும்.

மத்தியானம் செகண்ட் ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பில் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் கயிறு கட்டியிருந்தது. துணி காயப்போட்ட மாதிரி அதில் புத்தகங்கள் தொங்கின. எல்லாம் மெலிசான கதைப் புத்தகங்கள். சிமெண்டுப் பைக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தார்கள். கணக்கை முடித்த பிள்ளை எழுந்து போய் ஒன்றை எடுத்து வந்து உட்கார்ந்துவிடும். யாரும் சொல்லத் தேவையில்லை. இரண்டு பையன்கள் ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"நீ நேத்தே படிச்சல்ல? விடுறா."

"பாதிதான்டா படிச்சேன். பெல் அடிச்சிட்டாங்க."

என் பெண் சுவரோரம் உட்கார்ந்து ஒரு புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. அவள் அப்படிப் படிப்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டீச்சர் வெளியே வந்தார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

"உங்க பிள்ளைக்கு வாசிக்க வரல்ல. சொல்லாம இருக்கக் கூடாதுல்லா, அதான் கூப்பிட்டேன்."

"எந்நேரமும் புத்தகத்ததான் வச்சிகினு இருக்குதுங்க."

"படம் பாக்கா. எந்திரிச்சு வாசின்னா வாய் அசையுது, சத்தம் இல்ல. விளையாடும்போது அந்தப் பேச்சு பேசுதா. எழுத்து தெரியாத பிள்ளைங்க இப்படித்தான் வாயை அசைச்சுச் சமாளிக்கும். எழுதுறதும் பக்கத்துல பாத்து எழுதுதாளோன்னு நினைக்கேன்."

டீச்சரே தொடர்ந்தார்.

"மாசக் கடைசியில வாசிப்பு விழா வச்சிருக்கேன். ஆளுக்கு ஒரு பக்கம், எல்லாருக்கும் கேக்க வாசிக்கணும். வாசிச்சிட்டான்னா நாலாவதுக்கு அனுப்புதேன். இல்லன்னா இன்னொரு வருஷம் இங்கயே இருக்கட்டும். அவ நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

சரிங்க என்று வந்துவிட்டேன்.

அன்று ஷிஃப்ட் முழுக்க அதே நினைப்பு. நானும் மூன்றாவதில் இரண்டு வருஷம் இருந்தவன். கூடப் படித்தவர்கள் மேலே போனார்கள். நான் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அடுத்த வருஷம் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏர் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. இவளுக்கும் அப்படித்தான் ஆகும் என்று தோன்றியது. கரியை வாரினேன். பாதி திரும்பக் கீழே விழுந்தது.

என்னோடு வேலை செய்தவர் மதுரைக்காரர். எதையும் கேலியாகத்தான் பேசுவார்.

"என்னய்யா, கரியைப் பெல்ட்டுல போடுறியா, பெல்ட்டுக்கு விபூதி பூசுறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அதற்கு அவர் கேலி பேசவில்லை. "வீட்டுல ஒரு தடவை வாசிக்கச் சொல்லிப் பாரு. நீயே பாத்துரு" என்றார்.

அது எனக்குப் பயமாக இருந்தது. வாசிக்கத் தெரியாது என்று ஆகிவிட்டால் என்ன செய்வது? இரண்டு நாள் தள்ளினேன். பிறகு, மந்தாரக்குப்பத்தில் வேர்க்கடலை வாங்கி வந்த பேப்பரைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன்.

"பாப்பா, இதுல இன்னா போட்டிருக்குது?"

அவள் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"பண்ருட்டில பலாப்பழம் வெலை கொறஞ்சிடுச்சாம்ப்பா. லாரி வரலியாம். பழம்லாம் ரோட்டோரம் கெடக்குதாம்."

பேப்பரை வாங்கி நான் எழுத்துக் கூட்டினேன். நெடுநேரம் ஆனது. பண்ருட்டி இருந்தது. பலா இருந்தது. லாரி வரவில்லை என்றுதான் இருந்தது.

"அப்ப சத்தமா படியேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். "பக்கத்து வூட்டு மாமா தூங்குதுப்பா. துண்டு தொங்குது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு பழக்கம். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுப்பவர், கதவுக் கொண்டியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார். துண்டு தொங்கினால் அந்தப் பக்கம் யாரும் சத்தம் போடக் கூடாது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகிறவரும் இருட்டியதும் கட்டிவிடுவார், விடிவதற்குள் எழ வேண்டுமே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் ஒன்றுதான். மூன்று ஷிஃப்ட்டும் எங்கள் வரிசையில் இருந்தது. எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். குழம்பு தாளிக்கும்போது கூட மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

என் வீட்டுக்காரி சொன்னாள்: "நான்தான் எழுத்து சொல்லிக் குடுத்தேன். நீங்க படுத்துகினு இருப்பீங்க. வாயத் தொறக்காம படிடீன்னு சொல்லுவேன். அதுக்குப் படிக்கிறதுன்னாலே அப்படித்தான்னு ஆயிடுச்சி போல."

"வெளையாடும்போது பாட்டு மட்டும் கத்திப் பாடுது?"

"அது வெளில பாடுது. புத்தகம் வூட்டுக்குள்ளதான?"

மறுநாள் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. துண்டு, ஷிஃப்ட், தூக்கம் என்று ஏதோ சொன்னேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாம். நான் இல்லேங்கல்ல. ஆனா எனக்குக் காதுல கேக்கணும்லா? கேக்காம எப்படி மேல அனுப்ப?"

அதுவும் நியாயம்தான். நாங்களும் வேலை முடிந்தது என்று வாயால் சொன்னால் ஃபோர்மேன் ஒத்துக்கொள்ள மாட்டார். வந்து பார்ப்பார்.

வீட்டில் சத்தமாக வாசிக்க முடியாது. கோயிலில் வைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தோம், நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டாள். கடைசியில் சைக்கிளில் உட்கார வைத்து, கரி போகும் கன்வேயர் ரோட்டைத் தாண்டுகிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். வேலிக்கு வெளியே ஒரு முந்திரி மரம். அங்கே பெல்ட் ஓடும் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது.

"இங்க யாரும் தூங்கல. படி."

வகுப்புக் கயிற்றிலிருந்து எடுத்து வந்த புத்தகம் அது. ஒரு கழுதை சந்தைக்குப் போய், தன் விலை என்ன என்று விசாரிக்கும் கதை. டீச்சர் அவளுக்குக் கொடுத்த பக்கமும் அதில்தான்.

உதடு அசைந்தது. கேட்கவில்லை என்று கை காட்டினேன். கொஞ்சம் கூட்டினாள். கேட்கவில்லை. பெல்ட்டில் நாங்கள் பேசும்போது வாயைப் பெரிதாகத் திறப்போம், கடைசி எழுத்தை இழுப்போம். அதைச் செய்து காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஒரு வார்த்தை கேட்டது. 'கழுதை.' நான் தலையாட்டினேன். மறுநாள் நான் இன்னும் தள்ளிப் போய் நின்றேன்.

ஒரு நாள் வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"யோவ், இன்னா பண்ற இங்க?"

"பொண்ணு படிக்குதுங்க."

"ஊர்ல எடமே கெடைக்கலியா உனக்கு?"

போகச் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. அவர் தடியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் கேட்டார். பிறகு அவளைப் பார்த்து, "ஏம்மா, அந்தக் கழுதைய கடைசில எவன்னா வாங்கினானா?" என்று கத்தினார். அவள் பதிலுக்குக் கத்தினாள். அவர் போய்விட்டார்.

விழா அன்று எனக்கு செகண்ட் ஷிஃப்ட். டிஃபன் பாக்ஸோடு போய் ஜன்னல் ஓரம் நின்றேன். உள்ளே அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரி முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றில் அன்று நிறையப் புத்தகங்கள். முன்னால் வாசித்த பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழுந்து வந்து புத்தகத்தைத் திறந்தாள். கன்வேயருக்குக் கீழே வாசிப்பது போலவே கத்தினாள். அந்த அறைக்கு அது பெரிய சத்தம். முன் வரிசைப் பிள்ளை காதைப் பொத்தியது. பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். சில அம்மாக்களும் சிரித்தார்கள்.

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

சிரிப்பு அடங்கியது. அவள் புத்தகத்தைப் பார்த்தாள். உதடு அசைய ஆரம்பித்தது. சத்தம் இல்லை. டீச்சர் பேனாவைக் கையில் எடுத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, முடிந்தது என்று. சிறுபிள்ளைகள் நடுவில் இவள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பேசாமல் போய் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட இருந்தது.

பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், கழுதைக்கு எவ்ளோ வெலை சொன்னாங்கன்னு சொல்லவே இல்ல."

"உக்காருல."

"நீ சொல்லு. எவ்ளோ?" என்று அவன் அவளையே கேட்டான். இன்னொரு பெண், "ஆமா, எவ்ளோ?" என்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வெலையே சொல்லல. வியாபாரி கழுதைகிட்டயே கேக்கிறாரு, நீ எவ்ளோ தருவேன்னு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், தெருவில் பேசுவது போல. பிள்ளைகள் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு.

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்பதை அவள் புத்தகத்தில் பார்த்து வாசித்தாள். கத்தவில்லை. ஜன்னலில் நின்ற எனக்குக் கேட்டது. வியாபாரி பேசும் இடத்தில் குரலை மாற்றினாள். அதை நான் காட்டித்தரவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. பக்கம் முடிந்தது. ஆளுக்கு ஒரு பக்கம்தான். அவள் பாட்டுக்குத் திருப்பி அடுத்த பக்கம் போய்விட்டாள். டீச்சர் நிறுத்தவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதை முடிந்ததும் டீச்சர் ஜன்னல் பக்கம் வந்தார்.

"நாலாவதுக்குப் புத்தகம் வாங்கிருங்க."

"சரிங்க" என்றேன். பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் மதுரைக்காரர் இடம் போட்டு வைத்திருந்தார்.

"என்னய்யா, வாசிச்சாளா?"

"கேட்டுச்சி" என்றேன்.