நிலாவில் மாட்டிக்கொண்டவன் வீடு திரும்பினானா?

ஸ்டெல்லா டீச்சர் போய்விட்டார். தென்னூர் வீட்டில், தூக்கத்திலேயே. அவருடைய அண்ணன் மகன் காலையில் மெசேஜ் அனுப்பியிருந்தான்...

நாங்கள் இருவரும் அறுபதுகளில் திருச்சியில் ஒரு கான்வென்டில் வேலை பார்த்தோம். அவர் சயின்ஸ், நான் தமிழ். அவர் பாலக்கரை, நான் ஸ்ரீரங்கம்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. மாணவிகளைச் சினிமாவுக்கு அழைத்துப் போவதற்கு முன் இரண்டு டீச்சர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, படத்தின் நிறை குறைகளை மதரிடம் சொல்ல வேண்டும். முத்தக் காட்சி இருந்தால் குறை. மற்றதெல்லாம் நிறை.

அப்போது ஒரு இங்கிலீஷ் படம் வந்திருந்தது. நிலாவில் இறங்கிய கப்பல் கெட்டுப்போய், ஒருவன் மட்டும் தனியாக மாட்டிக்கொள்கிறான். நிஜ மனிதர்கள் யாரும் அங்கே போகாத காலம். விஞ்ஞானப் படம் என்று ஸ்டெல்லா டீச்சரை அனுப்பினார்கள். துணைக்கு நான்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. அவர் சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். தலையில் போட்ட முக்காட்டை எடுக்க மறந்துவிட்டார். தியேட்டரில் எங்களுக்கு நல்ல மரியாதை கிடைத்தது.

நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுவில் வெகுநேரம் யாருமே பேசுவதில்லை. பேச ஆள் இல்லையே. ஹாலில் வேர்க்கடலை உடைக்கிற சத்தம்கூட நின்றுபோனது.

அவன் தினமும் ஒரே நேரத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்கிறான். பதில் வராது. மறுநாளும் அதே நேரத்துக்குத் தலை சீவிக்கொண்டு வந்து உட்காருகிறான்.

பின் வரிசையிலிருந்து ஒருவர் தாங்க முடியாமல் கத்தினார். “ஏன்டா தனியா போன? மச்சான் யாரையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல!”

குறைகள்... காற்றே இல்லாத இடத்தில் தீ கொழுந்துவிட்டு எரிந்தது. ஸ்டெல்லா டீச்சர் இருட்டிலேயே “சேச்சே” என்றார். எனக்கு வேறு குறை. மாதக்கணக்காக மாட்டிக்கொண்டவனுக்குத் தாடி வளரவே இல்லை.

கடைசியில் ரேடியோவில் ஒரு விளக்கு மினுக்குகிறது. அவன் கையை நீட்டுகிறான்...

திரை வெள்ளையானது. மின்விசிறி நின்றது. கதவுகளைத் திறந்துவிட்டார்கள்.

அந்தத் தியேட்டரில் காலைக் காட்சி நீண்டுவிட்டால் கடைசி ரீலை ஓட்டமாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மதியம் தமிழ்ப்படம், கூட்டம் கேட்டுக்கு வெளியே நெரிந்துகொண்டிருந்தது.

ஸ்டெல்லா டீச்சர் கேட்காரரிடம் சண்டைக்குப் போனார். “என்னங்க இது, அவன் என்ன ஆனான்னு சொல்ல வேண்டாமா?”

“அதெல்லாம் வந்துருவாம்மா. நீங்க கெளம்புங்க, மேட்னிக்கு ஆள் நிக்குது.”

மலைக்கோட்டை பஸ் நிறுத்தம் வரைக்கும் வாக்குவாதம். அவன் வீடு திரும்பினான் என்பது அவர் கட்சி. இல்லை என்பது என் கட்சி.

“கேட்காரரே சொல்லிட்டாரே டீச்சர்!”

“அவர் வாசலைத் தவிர எதையும் பார்த்ததில்லைங்க.”

பஸ் வந்தது. அவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். “வீட்டுக்குப் போனதும் தகவல் சொல்லுங்க.” இரண்டு வீட்டிலும் போன் கிடையாது. திங்கட்கிழமை நான் பள்ளிக்கு வந்து நிற்பதுதான் தகவல்.

திங்கட்கிழமை மதர் நிறை குறை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி. “அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா?”

“சேர்ந்தான் மதர்” என்றார் ஸ்டெல்லா டீச்சர். “இல்லை மதர்” என்றேன் நான். ஒரே நேரத்தில்.

மாணவிகள் அந்தப் படத்துக்குப் போகவில்லை.

சில வருடம் கழித்து மனிதர்கள் நிஜமாகவே நிலாவுக்குப் போய் வந்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குள் பேப்பரை ஆட்டிக்கொண்டே வந்தார். “பாத்தீங்களா, திரும்பி வந்துட்டாங்க!”

“அது வேற ஆளுங்க” என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பிறகு ரிடையர்மென்ட். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஸ்ரீரங்கத்தில் என் ஃபிளாட்டில் பகல் முழுக்க லிஃப்ட் சத்தம் மட்டும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்டெல்லா டீச்சர் போன் செய்வார். முட்டிவலி, மாத்திரை, தண்ணீர் வரவில்லை... கடைசியில் அவனிடம் வந்து நிற்போம். புதுசு புதுசாக ஆதாரம் வைத்திருப்பார். “சாப்பாட்டுல பாதிய மிச்சம் வச்சிருந்தானே டீச்சர், சாகப் போறவன் மிச்சம் வைப்பானா?”

போன வருஷம் அவருடைய அண்ணன் மகன் அந்தப் படத்தை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துவிட்டான். முழுப் படம். கடைசி ரீலோடு. எங்கள் இருவருக்கும் லிங்க் அனுப்பினான்.

உடனே போன் வந்தது. அன்று ஞாயிறு இல்லை.

“பாத்துட்டீங்களா?”

“இல்லைங்க. இனிமேதான்.”

“பாக்காதீங்க டீச்சர். தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் ஞாயித்துக்கிழமை என்ன பேசுறது?”

நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சயின்ஸ் டீச்சர்... சொல்ல முடியாது.

இன்று ஞாயிறு. பழக்கத்தில் பதினொரு மணிக்குப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். தலைகூட வாரிக்கொண்டு.

லிங்க் அப்படியே இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை என்றுதான் இப்போதும் சொல்கிறேன்... மறுத்துப் பேச ஆள் இல்லை.

வீட்டுக்குப் போனதும் தகவல் சொல்லுங்க டீச்சர்.