ரோசலின் அக்காவும் மூடியில்லாத ரேடியோவும்

செய்தியைச் சொன்னவர் பண்டாரவளைச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் சிவலிங்கம். காலையில் போனை எடுத்ததும், "அக்கா போயிட்டாங்க" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஓர் அக்காதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரோசலின் அக்காவும் நானும் தபால் கந்தோரில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் தொலைபேசிப் பலகையில், நான் முத்திரை விற்கும் ஜன்னலில். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வாயும் தெரியும். திட்டாமல் உதவி செய்ய அவருக்கு வராது. ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் பூச்செடி வளர்ப்பார்கள். அக்கா பழைய வால்வு ரேடியோக்களை வாங்கி வந்து திறந்து பார்க்கத் தொடங்கினார். ஏன் இந்த வேலை என்று கேட்டால், "புருஷன் இல்ல, புள்ள இல்ல, திட்டறதுக்கு ஏதாவது வேணும்ல" என்பார்.

தூக்கிச் செல்லும் வால்வு ரேடியோக்களுக்கு இரண்டு பேட்டரி வேண்டும். வால்வுகளைச் சூடாக்கச் சின்னது, மற்ற வேலைக்குப் பெரியது. முதன்முதலில் பழுதுபார்த்த ரேடியோவில் அக்கா இரண்டு பேட்டரிகளின் வயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் நாலு வால்வும் எரிந்துபோயின. அன்று அவர் யாரையும் திட்டவில்லை, அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு பெரிய பேட்டரியின் வயரில் சிவப்புத் துணி கட்டி வைப்பார். அதை மாட்டும் முன் சிலுவை போட்டுக்கொள்வார்.

சிவலிங்கம் அவரிடம் கொண்டுவந்தது சின்ன சூட்கேஸ் மாதிரியான ஒரு ரேடியோ. நமுனுகுலத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஊருக்குத் திரும்பும்போது, பங்களாவில் சமையல் வேலை பார்த்த சிவலிங்கத்தின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்கு மூடி இல்லை. அப்பாவின் கருமாதியன்று அண்ணன் மாரிமுத்துவும் சிவலிங்கமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில், மூடி பிய்ந்து அண்ணன் கையோடு போய்விட்டதாம். அப்பாவைக் கடைசிவரை தோட்டத்து லயத்து வீட்டில் வைத்துப் பார்த்தவன் நான், டவுனுக்குப் போனவனுக்கு ரேடியோவா என்பது அண்ணனின் கேள்வி. அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது சிவலிங்கத்தின் மகளுக்குக் கல்யாணம் வந்திருந்தது. தாத்தா இல்லாவிட்டாலும் தாத்தாவின் ரேடியோவாவது சபையில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அண்ணனுக்குச் சொல்லியாயிற்றா என்று அக்கா கேட்டார். சிவலிங்கம் வாசலைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணின் பெரியப்பாவுக்கு அழைப்பை ஆள்மூலம் அனுப்ப முடியாது. வீட்டுக்குப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து நேரில் அழைக்க வேண்டும். அழைக்காமல் விட்டால் அந்த உறவு அதோடு முடிந்தது. அழைக்கப் போய் வாசலிலேயே அண்ணன் துரத்திவிட்டால் என்ன செய்வது என்பதுதான் சிவலிங்கத்தின் பயம்.

ரேடியோவைத் திறந்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வயர்களின் ரப்பர் உறை தொட்டால் தூளாக உதிர்ந்தது. ஸ்பீக்கர் காகிதத்தைக் கரப்பான் தின்றிருந்தது. கண்டென்சர்களின் மெழுகு உருகி வழிந்து காய்ந்து கிடந்தது. ஒரு குமிழைக் காணோம். அக்கா வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிது போட்டார். தேயிலைப் பையைப் பிரித்து, அந்தத் தாளில் பசை தடவி ஸ்பீக்கர் ஓட்டையை அடைத்தார். குமிழுக்குத் தைலப் போத்தலின் மூடி. பெரிய பேட்டரி இப்போது எந்தக் கடையிலும் கிடையாது என்பதால் சின்னச் சதுரப் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து அந்த அளவைக் கொண்டுவந்தார். வால்வுகள் மட்டும் நன்றாக இருந்தன. "இந்த வீட்டுல புத்தியோட இருக்கிறது இது நாலும்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு நாள் பின்னேரம் நான் போனபோது ரேடியோ மேசையில் பாடிக்கொண்டிருந்தது. மூடிக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிதான் அந்த ரேடியோவுக்குக் காது. அக்கா ஒரு பலகைத் துண்டில் கம்பியைச் சுற்றி அந்தக் காதைத் தாமே செய்திருந்தார். சிவலிங்கத்துக்குப் போன் போடட்டுமா என்றேன். சட்டென்று ரேடியோவை அணைத்தார்.

"வாயத் தொறக்காத செல்வி. மூடி இல்லாம பேசாதுன்னுதான் அவங்கிட்ட சொல்லப்போறேன்."

பூசைக்குத் தவறாத மனுஷி பொய் சொல்வதா என்று கேட்டேன்.

"பத்திரிகையோட போக அவனுக்குத் தைரியம் இல்ல. மூடி கேட்டுப் போவான்ல? போனா அண்ணன் மூஞ்சியப் பாக்கணும். அதுக்குப் பொறவு அவங்க பாடு. பாவத்த நான் சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன்."

மறுநாள் சிவலிங்கம் வந்தார். வேலையெல்லாம் முடிந்தது, ஆனால் மூடி இல்லாவிட்டால் இது வெறும் பெட்டிதான் என்று அக்கா முகம் மாறாமல் சொன்னார். சிவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டே, சரிங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை நமுனுகுலவுக்கு பஸ் ஏறினார். அண்ணன் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லையாம். மூடியெல்லாம் தர முடியாது, வேண்டுமானால் ரேடியோவை இங்கே கொண்டுவரச் சொல் என்று மனைவியிடம் சொல்வதுபோல் சொன்னாராம். பையிலிருந்த பத்திரிகையை வெளியே எடுக்கவே தனக்குத் தைரியம் வரவில்லை என்றார் சிவலிங்கம்.

மூன்று பேரும் ஆட்டோவில் கிளம்பினோம். அக்கா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் டிரைவரைத் திட்டினார். லயத்துக்குள் நுழைந்ததுமே மூடி கண்ணில் பட்டது. மாரிமுத்து அதைச் சுவரில் மாட்டியிருந்தார். உள்பக்கத்தில் அப்பாவின் படத்தை ஒட்டி, சந்தனப் பொட்டு வைத்து, பூப் போட்டிருந்தார். சிவலிங்கம் அதைப் பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மூடியைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்க அக்காவுக்கும் மனம் வரவில்லை. சுவரோரமாகப் பெஞ்சைப் போடச் சொன்னார். ரேடியோவை அதில் வைத்து, மூடியில் தொங்கிய இரண்டு கம்பிகளுக்கும் வயர் கட்டி அங்கேயே இணைத்தார். சிலுவை போட்டுக்கொண்டு சிவப்புத் துணி கட்டிய வயரை மாட்டினார்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு தமிழ்நாட்டு நிலையம் ஒன்றிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. கடல் கொந்தளிப்பாக இருப்பதால் மீனவர்கள் யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று சொன்னது. சுற்றிலும் தேயிலை மலை.

மாரிமுத்து தம்பியை நேராகப் பார்த்து, "கடலுக்கு நாம போகலன்னு சொல்லுடா" என்றார்.

அந்த 'டா'வைக் கேட்டதும் சிவலிங்கம் சிரித்தார், சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அண்ணி உள்ளே போய்த் தாம்பாளத்தை எடுத்துவந்து கொடுத்தார். வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் பையிலிருந்து வெளியே வந்தன. கல்யாணத்தன்று மாரிமுத்து அண்ணன் சுவரிலிருந்த மூடியை அப்பாவின் படத்தோடு கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா அதை ரேடியோவில் பொருத்தி மணவறைக்குப் பக்கத்தில் வைத்தார். மேளச் சத்தத்தில் யாரும் அதைப் பாடவைக்கவில்லை.

அக்காவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கும்போது சிவலிங்கம் என்னோடு நடந்து வந்தார். "அன்னிக்கு நான் அக்கா வீட்டுப் படியிலதாங்க நின்னேன். ரேடியோ பாடுனதும் கேட்டுச்சு, நீங்க ரெண்டு பேரும் பேசுனதும் கேட்டுச்சு. அப்படியே திரும்பிப் போயிட்டேன்" என்றார்.

தெரிந்துமா நமுனுகுலவுக்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

"எனக்காக அக்கா பொய் சொல்லத் துணிஞ்சிட்டாங்க. நான் போகாம இருந்தா நல்லா இருக்குமா?"

சிவலிங்கத்தை நன்றாக ஏமாற்றிவிட்டதாக அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட என்னிடம் பெருமை பேசினார். அந்தச் சந்தோஷம் கலையாமலே போய்ச் சேர்ந்தார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அதற்குள் மாரிமுத்து அண்ணன் எங்களை எட்டிப் பிடித்துவிட்டார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. "ஏம்மா, எங்க மூடி இல்லாட்டி அந்த ரேடியோ பேசியிருக்காதுல்ல?" என்று கேட்டார். சிவலிங்கம் தரையைப் பார்த்தார். "பேசியிருக்காதுங்க" என்றேன். அக்காவும் அதையேதான் சொன்னாங்க என்று தலையாட்டிக்கொண்டே தம்பியின் தோளைப் பிடித்தபடி இறங்கிப் போனார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு பொய்தான். இதை நான் பத்திரமாக வைத்திருப்பேன். இது பேப்பரில் வந்தாலும் மாரிமுத்து அண்ணன் பேப்பர் படிக்கிற ஆள் அல்ல. அக்காவின் மேல் அன்பு வைத்திருந்த நீங்களும் அவரை எங்காவது சந்தித்தால் தயவுசெய்து காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். கேட்டால் சொல்லுங்கள், அந்த மூடி இல்லாமல் ரேடியோ பேசியிருக்கவே பேசியிருக்காது.