கால் முன்னால் பிறந்தவளின் பத்தியம்

1. போர்டு

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லின் டிஸ்பென்சரியில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தேன். எனக்கென்று ஒரு அறை, ஒரு கட்டில், வாசலில் ‘பிசியோ’ என்று பெரிதாக எழுதிய ஒரு போர்டு. முதல் வாரம் முழுக்க ஒரு ஆள்கூட உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள், கும்பிடுவார்கள், போய்விடுவார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பொறுமை என்பது அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. நொண்டிக்கொண்டே வந்து, போர்டைப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பிய ஒருவரை வாசலுக்கு ஓடிப் போய் மறித்தேன். ஏன் எல்லோரும் இப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“பிசின்னு போர்டு போட்டிருக்குதுங்களே அம்மணி. வேலையா இருக்கறவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதானுங்க.”

அவர்தான் துரைசாமி. மில்லின் கபடி டீமில் முதல் ரெய்டர். ஆனால் மில்லில் வெறும் பதிலி. யாராவது லீவு போட்டால்தான் பதிலிக்கு வேலை. அடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால்தான் துரைசாமி வீட்டில் அடுப்பு எரியும். மில்களுக்கிடையே நடக்கும் கபடியில் ஜெயித்தால் துரைசாமியைப் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆனால்தான் பெண் தருவோம் என்று சூலூரில் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஆக, அந்த ஒரு தொடையை நம்பி ஒரு வேலையும் ஒரு கல்யாணமும் காத்துக் கிடந்தன. அந்தத் தொடைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

2. எல்லாமே சுளுக்கு

கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லிப் பார்த்தேன். தொடையின் பின்பக்கத் தசை, ஹேம்ஸ்ட்ரிங், இழுபட்டிருந்தது. தொட்ட இடத்தில் ஆள் துள்ளினார். வலிக்கிறதா என்று கேட்டால், “பரவாயில்லீங்க” என்றார். அழுத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதும் பரவாயில்லீங்கதான்.

தொடை முழுக்க விளக்கெண்ணெய் வாசம். யார் நீவியது என்று கேட்டேன். மேஸ்திரி ஆறுச்சாமி என்றார். ஆறுச்சாமி மில்லில் மேஸ்திரி, கிரவுண்டில் கோச். அவருடைய கட்டைவிரல் ஸ்பேனர் மாதிரி இருக்கும். யாருக்கு எங்கே அடிபட்டாலும் எண்ணெயைச் சுடவைத்து அந்த விரலால் ஒரு நீவு நீவுவார்.

கோச்சைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வகுப்பே எடுத்தேன். தசை இழுபட்டால் ஒரு வைத்தியம், எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் லிகமென்ட் கிழிந்தால் வேறு வைத்தியம், மூட்டு நழுவினால் வேறு, எலும்பு விரிசல் விட்டால் வேறு. அடிபட்ட உடனே சூடான எண்ணெய் போட்டு நீவினால் உள்ளே ரத்தம் கசிந்து வீக்கம்தான் ஏறும், முதலில் ஐஸ் வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். ஆறுச்சாமி கைகட்டிக் கேட்டார். முடித்ததும், “அத்தனையும் சரிங்க அம்மணி. ஆனா இது சுளுக்குங்க” என்றார்.

அவருக்கு எல்லாமே சுளுக்கு. ஒரு பையனின் உடைந்த விரலைச் சுளுக்கென்று தினமும் சொடுக்கெடுத்த மனிதர் அவர்.

சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனேன். காரணம் அங்கே அப்பட்டமாகத் தெரிந்தது. ஷிப்ட் முழுக்க நின்ற கால்களோடு வருகிறார்கள், லுங்கியை அவிழ்த்துப் போடுகிறார்கள், நேராக ‘கபடி கபடி’ என்று பாய்கிறார்கள். வார்ம்-அப் கிடையாது. குடித்தால் மூச்சு வாங்குமாம், அதனால் தண்ணீரும் கிடையாது. களத்தில் கூழாங்கல். இதில் ஆள் முழுசாகத் திரும்புவதே பெரிய விஷயம்.

ஓட வைத்து, நீட்டி மடக்க வைத்தேன். முதல் நாள் எனக்காகச் செய்தார்கள். மறுநாள் என் தலையைக் கண்டதும் செய்தார்கள். அதற்கு மறுநாள் சிரித்துக்கொண்டே, “செஞ்சுபோட்டோமுங்க” என்றார்கள். ஐஸ் வைக்கச் சொன்னதற்கு, சைக்கிள்காரரிடம் சேமியா ஐஸ் வாங்கித் தொடையில் கட்டிக்கொண்டு வந்தார் துரைசாமி. பின்னாலேயே எறும்பும் வந்தது. ஓடக் கூடாது என்று நான் சொன்ன அன்று சாயங்காலமே அவர் ஒளிந்து ரெய்டு போனதும் தெரிய வந்தது. இந்த ஆளுக்கு நான் எந்த பாஷையில் சொல்வது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேட்ச் இன்னும் ஒரு மாதத்தில். இப்படியே போனால் தசை முழுக்கக் கிழிந்துவிடும், வேலையும் போகும், பெண்ணும் போகும்.

3. என் அம்மா போட்ட குண்டு

ஒரு நாள் பொள்ளாச்சியிலிருந்து அம்மா வந்திருந்தாள். நான் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்ததால் தூக்குப்போசியோடு மில்லுக்கே வந்துவிட்டாள். அன்று பார்த்து, ரெய்டரின் காலைப் பிடிப்பது எப்படி என்று குனிந்து காட்டப் போன ஆறுச்சாமி நிமிர முடியாமல் என் கட்டிலில் வளைந்து கிடந்தார். தன் இடுப்புக்கு மட்டும் அவர் தன் கட்டைவிரலை நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அம்மாவுக்கு அவரைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. “ஏங் கண்ணு, மனுசன் இப்படிக் கெடக்கறாரு, நீ என்னமோ மெசினை வெச்சு நோண்டிட்டிருக்கற. ஒரு மிதி மிதிச்சு உடு” என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, “இவ கால் முன்னால பொறந்தவதானுங்க” என்றாள்.

என் உயிரே போய்விட்டது. தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சின்ன வயதில் தெருவில் பாதிப் பேர் இடுப்பை மிதித்திருக்கிறேன். அதிலிருந்து தப்பிக்கத்தான் நான் படித்ததே.

ஆறுச்சாமி வலியை மறந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் டிகிரிக்கு ஒரு நாளும் கிடைக்காத மரியாதை அது.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி.”

4. பத்தியம்

மறுநாள் காலையில் வராந்தாவில் வரிசை. மொத்த டீமும் நின்றது. பிசி என்ற போர்டை யாரும் மதிக்கவில்லை. மிதிப்பதற்கும் குணமாவதற்கும் சம்பந்தமே இல்லை என்று கத்தினேன். “அது இருக்கட்டுங்க, நீங்க மிதிங்க” என்றார் ஆறுச்சாமி பணிவாக.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சும்மா மிதிக்க முடியாதுங்க. இதுக்குப் பத்தியம் இருக்குது.”

துரைசாமி முன்னால் வந்து, என்ன பத்தியம் என்று பயபக்தியோடு கேட்டார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ட்ரீட்மென்ட் என்றால் பாதியில் விட்டுவிடுகிற ஆட்கள், பத்தியம் என்றால் ஒரு நாளும் மீற மாட்டார்கள். விடுவேனா? எண்ணெய் ஆகாது. நீவல் ஆகாது. அடிபட்ட உடனே துணியில் சுற்றிய ஐஸ், சேமியா இல்லாத ஐஸ். ஆட்டத்துக்கு முன் மெதுவாக ஓடி, கைகால் நீட்டி மடக்கி உடம்பைச் சூடாக்க வேண்டும். இடையிடையே தண்ணீர். களத்தில் கல் பொறுக்க வேண்டும். வலித்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், பரவாயில்லீங்க என்ற வார்த்தை அறவே ஆகாது. துரைசாமிக்கு மட்டும், நான் சொல்லும்வரை ரெய்டு ஆகாது. இதெல்லாம் சரியாக இருந்தால் மேட்சுக்கு முதல் நாள் மிதி.

பாடப் புத்தகத்தில் நான் படித்த அத்தனையும் அதில் வந்துவிட்டது. ஒருவர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. ஆறுச்சாமி எண்ணெய்ப் போசியைத் தன் கையாலேயே அப்புறப்படுத்தினார். துரைசாமி சொன்னபடி நடந்தார், பிறகு மெல்ல ஓடினார், பிறகு வேகமாக ஓடினார். தலைமுடிதான் ஏனோ பஞ்சுபோலக் காய்ந்து பரட்டையாகிக்கொண்டே வந்தது. மில் பஞ்சு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மேட்சுக்கு முதல் நாள், வாக்குக் கொடுத்தபடி எல்லோரையும் கால் விரலால் ஒரு தொடு தொட்டேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்.

5. மேனேஜரின் இடுப்பு

தோற்றோம். நாலே பாயின்டில் தோற்றோம். துரைசாமி நன்றாகத்தான் ஆடினார், கால் ஒன்றும் செய்யவில்லை. எதிர் டீமில் அடிபட்ட இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நம் ஆட்கள் அத்தனை பேரும் தங்கள் காலிலேயே வீட்டுக்கு நடந்தார்கள். ஆனால் மேனேஜர் சொன்னது ஜெயித்தால் என்றுதான். துரைசாமி என்னிடம் வந்து, “பரவாயில்லீங்க” என்று ஆரம்பித்து, பத்தியம் ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஷட்டில் ஆடினாராம். வார்ம்-அப் செய்தீர்களா என்று நான் கேட்கவே இல்லை. முகத்திலேயே தெரிந்தது.

போன வருஷம் மேட்சுக்கு மறுநாள் பாதி டீம் லீவு, மெசின் நின்றது, இந்த வருஷம் அத்தனை பேரும் ஷிப்டுக்கு வந்துவிட்டார்கள் என்று பாராட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அம்மணி, நான் இங்கிலீஷ் மருந்த நம்பறவன்தானுங்க. இருந்தாலும் ஆறுச்சாமி ஒண்ணு சொன்னாரு.”

மேஜையில் பேப்பர்வெயிட்டின் கீழே, ஜெயிப்போம் என்று நம்பி டைப் செய்து வைத்த துரைசாமியின் ஆர்டர் கிடந்தது. கையெழுத்துதான் இல்லை.

“மிதிக்கலாமுங்க சார்,” என்றேன். “ஆனா பத்தியம் இருக்குது. மேசையில பாக்கி வேலைய வெச்சுக்கிட்டுப் படுத்தா பிடிப்பு உடாதுங்க.”

அவர் என் கண் போன இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அரை நிமிஷம் இடுப்பும் நிர்வாகமும் சண்டை போட்டன. இடுப்பு ஜெயித்தது. நேராக உட்கார்ந்து எழுத முடியாததால் எழுந்து, வளைந்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அப்புறம் கார்ப்பெட்டில் குப்புறப் படுத்தார், டையோடு. மிதித்த பின், காலையும் மாலையும் செய்ய வேண்டிய இடுப்புப் பயிற்சிகளையும் பத்தியமாகவே சொல்லிக் கொடுத்தேன். ஒழுங்காகச் செய்தார், குணமானார். மிதியில் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காயத்தின் பெயரும் காரணமும் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் உங்கள் முன்னால் படுத்திருப்பவர் எந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுவார் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பின், என்ன சொல்கிறோம் என்பதிலும் கவனமாக இருங்கள். இதையும் துரைசாமிதான் எனக்குக் காட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பத்திரிகையோடு வந்தார். முடி செம்பட்டையாக, குச்சி குச்சியாக நின்றது. பத்திரிகையைக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி நின்றார்.

“மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேச்சுத் தண்ணி ஊத்தோணும்னு ஊட்டுல சொல்றாங்க. நீங்க எண்ணெய் ஆகாதுன்னுபோட்டீங்க. நானும் இத்தனை மாசமாத் தலைக்கே வெக்கலீங்க. பத்தியம் முடிஞ்சுதுங்களா அம்மணி?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

“முடிஞ்சுதுங்க,” என்றேன்.