மாமா இட்ட முட்டைகள்

தஞ்சோங் ரம்புத்தானுக்கு அருகே, முன்பு ரப்பர்க்காடாக இருந்து இப்போது செம்பனைத் தோட்டமாகிவிட்ட நிலத்தை ஒட்டி என் மாமாவின் வீடு. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர். அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி வந்து அவர் படத்தின்மேல் உட்கார்ந்தது. செம்பழுப்பு நிறம். இறக்கை நுனிகள் பாம்புத்தலை போலிருந்தன.

"வந்துட்டாரு," என்றார் அத்தை.

யாரும் மறுக்கவில்லை. அத்தை கோப்பி கலக்கி முன்னால் வைத்தார். பூச்சி அசையவில்லை. இன்னொரு கரண்டி சீனி போட்டார். நான் கைப்பேசியில் படமெடுத்துத் தேடினேன். அட்லஸ் அந்துப்பூச்சி. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஒரு வாரம் வாழ்ந்து முடித்துவிடுமாம்.

"அத்த, இதுக்குத் திங்கிறதுக்கு வாயே இல்ல."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "நாப்பது வருசம் கழிச்சு இப்பதான் வாய மூடியிருக்காரு," என்றார்.

ஆணுக்கு உணர்கொம்பு அகன்ற இறகு போலிருக்கும் என்றும் படித்தேன். இதற்கோ மெலிந்திருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பூச்சி திரைச்சீலையில் இருந்தது. கூடவே இன்னொன்று, சற்றுச் சிறியது, வாலோடு வால் ஒட்டியபடி.

"இது யாருலா?"

வேறு வழியில்லை. "அத்த, நம்மளது பொம்பள."

அத்தை கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

வந்தவன் மாலையில் பறந்துவிட்டான். மாமா திரைச்சீலை முழுக்க முட்டையிட்டு, நான்காம் நாள் செத்துக் கிடந்தார். அத்தை ஆயர் தாவாரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"ஒங்கண்ணன் முட்ட போட்டிருக்காரு."

அத்தையைத் தனியாக விடாதே என்று அம்மா எனக்குச் சொன்னார். நான் லீவை நீட்டித்தேன்.

பத்து நாளில் புழுக்கள் பொரிந்தன. கொல்லையில் இருந்த முள்சீத்தா மரத்தில் விட்டோம். மாவு பூசியதுபோல் வெளுத்து, கட்டைவிரல் பருமனுக்கு வளர்ந்து மரத்தை மொட்டையாக்கின. பக்கத்து வீட்டுக்காரர் மருந்துப் பம்ப்போடு வந்தார்.

"அடிக்கவா அக்கா?"

"தொட்டுப் பாருங்க, போலீஸுக்குப் போவேன்."

மிஞ்சிய இலைகளைப் பட்டுநூலால் சுற்றிக் கூடு கட்டின. ஒரு மாதம் கழித்து ஞாயிறன்று முதல் பூச்சி வெளிவந்து, ஈர இறக்கைகளைத் தொங்கவிட்டு உலர்த்தியது. அத்தை கண்ணாடி போட்டு உணர்கொம்பைப் பார்த்தார்.

"ஆம்பள," என்றார். பிறகு, தயங்கி, "ஆனா ஜாடை இல்லலா."

இருட்டும் நேரத்தில் அது செம்பனைப் பக்கம் பறந்து போனது. துளிர்விடத் தொடங்கிய மரத்துக்கு உரம் வாங்கிவரச் சொல்லி அத்தை என்னை அனுப்பினார்.