கவிஞர் காவல் காக்கும் அலமாரி

அப்பாவுக்குக் குளுவாங் மருத்துவமனையில் முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம். படுத்தே கிடப்பவர், "ஒரு நல்ல கொலைக் கதை கொண்டாம்மா" என்றார். இன்று காலை எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன்.

தமிழுக்கு ஒரே அலமாரி. அதில் பாதி ஒரே ஆளின் கவிதைத் தொகுப்புகள். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் அந்தக் கவிஞரே அங்கு நின்று, அட்டை தெரியும்படி அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், துப்பறியும் நாவல் எதுவும் இருக்கா? அப்பா ஆப்பரேஷன் செஞ்சு படுத்திருக்காரு."

"அந்தக் குப்பையெல்லாம் நான்தான் அலமாரியிலேர்ந்து எடுத்துடச் சொன்னேன். அவருக்கு என் புத்தகத்தக் குடுங்க. சிந்திக்க வைக்கும்."

"ஆப்பரேஷன் முட்டியில சார், மூளையில இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

கவுண்டரில் இருந்த, கொஞ்சம் தமிழ் புரிந்த மலாய்க்கார அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேய்க்கதை அலமாரியைக் காட்டினார். எல்லாம் மலாய் நாவல்கள். ஓரம் கிழியும்வரை படித்திருக்கிறார்கள். மூன்றை எடுத்துவந்தேன்.

அப்பா முதல் நாவலில் பாதியைத் தாண்டிவிட்டார். "தமிழ்ல ஒண்ணுமே இல்லையா லா?" என்று மட்டும் கேட்டார்.

தமிழில் வாசகர்களே இல்லை என்று அடுத்த இலக்கியக் கூட்டத்தில் கவிஞர் அழுவார். அழட்டும்.

உங்களில் யாரிடமாவது நல்ல தமிழ்க் கொலைக் கதை இருக்கிறதா? தொலைவில் இருக்கும் தம்போய் வரைக்கும் வண்டி எடுத்து வரத் தயார்.