டப்பாவின் பின்னால் இருந்த சிவப்பு சுவிட்ச்

என் கம்ப்யூட்டரை ஊரில் எல்லோரும் டப்பா என்றுதான் சொல்வார்கள். வெள்ளையாக வந்து மஞ்சளாகிப்போன மேசைக் கம்ப்யூட்டர். பத்தாம் வகுப்போடு தமிழ் தட்டச்சும் படித்த நான், வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் நோட்டீஸ்களும் அதில்தான் அடித்துக் கொடுக்கிறேன். ஆபீஸ் காரியமெல்லாம் மலையாளத்தில் நடந்தாலும் எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் பெருமாட்டிப் பக்கத்தில் பத்திரிகை தமிழில்தான் வேண்டும். என் விரல்களுக்குப் பழகிய எழுத்து அந்தப் பழைய டப்பாவில் மட்டும்தான் இருக்கிறது.

அன்று காலை சுவிட்சைப் போட்டதும் உள்ளே பட்டென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை.

வேறு நாளாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்திருப்பேன். அன்று அதற்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை மாட்டிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஒரு அண்ணன், பெண்ணின் அம்மாவுக்கு ஒரு தம்பி. பெரியப்பா பெயர் மேலேயா, தாய்மாமன் பெயர் மேலேயா என்று ஒரு வாரமாகச் சண்டை. முதலில் அடித்ததை யாரோ போட்டோ எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட, தாய்மாமன் சீர் கொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில், இடமும் வலமுமாக நிற்பது என்று பேசி முடித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகள், மருமகன்கள் பெயர்களோடு திரையில் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். குலதெய்வத்தின் முன்னால் வைக்கும்வரை போட்டோவும் கூடாது, இங்கே காகிதத்திலும் எடுக்கக் கூடாது என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுநாள் குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். அதற்குப் பொள்ளாச்சி அச்சகத்தில் மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பெயர்களை மறுபடி கேட்டு எழுதினால் சண்டையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ப்ளக்கில் போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தேன். கரண்டு இருந்தது. மானிட்டரின் வயரைக் கழற்றி டப்பாவுக்குப் போட்டேன். அசையவில்லை. மூடியைத் திறந்து மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினேன். நடுவில் அடுப்படிக்குப் போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறதா என்று காது வேறு அங்கேயே கிடந்தது. எனக்கு ஆள் முன்னால் பேச வராது. பத்திரிகை போய்விட்டது என்று ஒருவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

டப்பாவைத் திருப்பி வைத்தபோது கருகிய வாடை வந்தது. பவர் கொடுக்கும் பெட்டியின் பக்கமிருந்துதான். அதன் மேலே, வரும் கரண்டு எத்தனை வோல்ட் என்று தள்ளி வைக்கும் சிறிய சிவப்பு சுவிட்ச். எப்போதும் 230 என்று காட்டுவது, அன்று 115 என்று காட்டியது.

முந்தின நாள் சாயங்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. கோடைக் காலம், வாய்க்காலில் தண்ணீர் இல்லை, எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடியதால் வோல்டேஜ் படுத்துக் கிடந்தது. டப்பா அணைந்துபோய்த் திரும்பக் கிளம்ப மறுத்தது. நான் மோர் எடுக்க உள்ளே போய் வருவதற்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்க அம்மிணி, கை வெச்சதும் எந்திருச்சிருச்சு" என்றார் பெரியப்பா. சந்தோஷத்தில் நானும் என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. தோட்டத்தில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். வோல்டேஜ் இறங்கினால் திருகைத் திருப்பி ஏற்றிக்கொள்வார்கள். தென்னந்தோப்புக்காரர், இதையும் அப்படியே நினைத்திருக்கிறார். குறைந்த கரண்டில் அது ஓடவும் செய்துவிட்டது. ராத்திரி மழை பெய்தது. காலையில் ஒரு தோட்டத்திலும் மோட்டார் ஓடவில்லை. முழுக் கரண்டும் வந்து பெட்டியைச் சுட்டுவிட்டது.

பிரிண்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்த இன்னொரு செத்த டப்பா இருந்தது. உதிரிக்கு ஆகும் என்று சித்தூரில் மூடிப்போன டைப்பிங் கிளாஸிலிருந்து வாங்கியது. அதன் பவர் பெட்டி உயிரோடு இருக்குமா என்று தெரியாது. கழற்ற ஆரம்பித்தேன். பாதியில் ஸ்கூட்டர் வந்துவிட்டது. பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

"ஏனுங்க அம்மிணி, இப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"தூசி தட்டறனுங்ணா."

"தூசி தட்டறாப்பலயா இருக்குது? கொடல உருவறாப்பலல்ல இருக்குது" என்றார் பெரியப்பா.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "பத்திரிக இருக்குதுங்களா, போயிருச்சுங்களா? போயிருச்சுன்னா சொல்லிப்போடுங்க. நான் ஊட்டுக்குப் போகாம இப்படியே பழனிக்கு நடந்தர்றேன்."

"போனாப் போகுது, வேற எழுதறது. மச்சான் பேர அடுத்த வரியில போட்டுக்கலாம்" என்றார் பெரியப்பா, தாய்மாமனைச் சொல்லி.

"நீங்க சும்மா இருங்ணா!"

நான் தலையை நிமிர்த்தவேயில்லை. சுவிட்சைப் பற்றிச் சொன்னால் அண்ணன் தம்பிக்குள் அங்கேயே வெடித்துவிடும். பழைய பெட்டியைக் கழற்றி வைத்து, அந்த இடத்தில் மற்றதைப் பொருத்தினேன். திருகாணி ஒன்று மேசைக்கு அடியில் உருண்டு போனது. தேட நேரமில்லை. சிவப்பு சுவிட்ச் 230இல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன். விரலால் தடவி இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினேன்.

விசிறி கரகரவென்று சுற்றியது.

திரை வருவதற்குள் பெண்ணின் அப்பா வாசலில் நடந்து நடந்து என் கோலத்தை எல்லாம் அழித்துவிட்டார். பத்திரிகை வந்தது. ஒரே வரி, ஒரே அளவு, இடமும் வலமும். அவர் சாமி கும்பிடுவதுபோல் கையெடுத்தார். நான் பென் டிரைவைச் சொருகினேன். அதை ஏற்றுக்கொள்ளவே என் டப்பாவுக்கு வெகு நேரமாகும். பாதிப் பத்திரிகை ஏறியிருக்கும், வெளியே வெயில் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் உறுமியது. தலைக்கு மேலே மின்விசிறி தளர்ந்தது.

"மறுக்கா எறங்குதுங்க அம்மிணி. இருங்க, பொறத்தால அந்தத் திருக..." என்று பெரியப்பா டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டார்.

"எடுங்க கைய!"

அது என் குரல்தான் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பெரியவர் கை அப்படியே நின்றது. பெண்ணின் அப்பா அந்தக் கையைப் பார்த்தார், சிவப்பு சுவிட்சைப் பார்த்தார், கருகிக் கிடந்த பெட்டியைப் பார்த்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கோபித்துக்கொண்டு தன் பெயரை எடுக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். பத்திரிகை முழுதும் ஏறியதும் பென் டிரைவைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனேன். பெரியப்பா ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மிணி" என்றார் மெல்ல. "அது மோட்டாருக்கு வெக்கற மாதிரின்னு நெனச்சுப்போட்டனுங்க."

"செரிங்ணா."

"இத மச்சாங்கிட்ட மட்டும் சொல்லீராதீங்க. பந்தியில என்னை உக்கார உடமாட்டான், கிண்டல் பண்ணியே கொன்னுபோடுவான்."

"சொல்ல மாட்டனுங்ணா."

ஸ்கூட்டர் போன பிறகும் என்னால் உட்கார முடியவில்லை. அச்சகத்தில் எழுத்து சரியாகத் திறக்குமோ, வரி கீழே இறங்கிவிடுமோ என்று முன்னறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மத்தியானம் கழித்துத்தான் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. "அச்சுல ஏறீருச்சுங்க அம்மிணி. ரெண்டு பேரும் ஒரே வரியில இருக்காங்க." அதற்குப் பிறகு மேசைக்கு அடியில் படுத்து அந்தத் திருகாணியைத் தேடி எடுத்து மாட்டினேன். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைச் சிவப்பு சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.